மத்தியானத்தில் மட்டும் எழுதாத டிஸ்க்

சர்வர் பழுது பார்க்கிறவனையும் பல் வைத்தியரையும் யாரும் நல்ல நாளில் தேடி வருவதில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரை நம் பெயர்கூட ஞாபகத்துக்கு வராது. நின்றுவிட்டாலோ, சாப்பிட்ட கையைக் கழுவ விடமாட்டார்கள். இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், ‘டிஸ்கில் எழுத முடியவில்லை’ என்று திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கும்போது அது என்ன வேதனை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. டிஸ்க் செத்துப்போனால்கூடப் பரவாயில்லை, எடுத்து அடக்கம் செய்துவிட்டு வேறு போடலாம். காலையில் எழுதுவேன், மாலையில் எழுதுவேன், நடுவில் மட்டும் எழுதமாட்டேன் என்கிற டிஸ்க் இருக்கிறதே, அதுதான் நம்மைப் போன்றவர்களின் ஏழரைச் சனி.

அந்தச் சனி என்னைப் புதுச்சேரியில் பிடித்தது. ஊருக்குள் பிராட்பேண்ட் வந்து சேர்ந்திருந்த புதிது. லாஸ்பேட்டையில் வீடு, ஒரு பழைய ஸ்கூட்டர், தோளில் ஒரு பை. கம்பெனியின் தலைமை அலுவலகம் சென்னையில். புதுச்சேரி முழுவதற்கும் சர்வீஸ் என்றால் நான் ஒருவன்தான்.

தேங்காய்த்திட்டு வைத்தியம்

முதலில் என் பெருமை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் அவமானங்களைத் தாங்க அது தேவைப்படும். தேங்காய்த்திட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்துபோய் நிற்கும். திறந்து பார்த்தால், உள்ளே சொருகியிருந்த கார்டுகளின் பல்லெல்லாம் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. அங்கே பில் போடும் பெண்ணிடம் பென்சில் ரப்பர் ஒன்றை வாங்கி, தேய் தேய் என்று தேய்த்து மறுபடி மாட்டினேன். கம்ப்யூட்டர் ஓடியது. முதலாளி வாயைப் பிளந்துவிட்டார்.

அன்றிலிருந்து எந்த வியாதிக்கும் என்னிடம் அந்த ஒரே மருந்துதான். கடலோர ஊரில் உப்பைத் தவிர வேறு எதிரி இருக்க முடியாது என்று முழுசாக நம்பினேன். ஸ்குரூ டிரைவர் இல்லாமல்கூட வெளியே போவேன், ரப்பர் இல்லாமல் போகமாட்டேன். முதலாளி வஞ்சிரம் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தபோது சொன்னதை வீட்டில் பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: “ரப்பர வெச்சே மிஷின எழுப்பிட்டியே தம்பி, நீ மட்டும் படிச்சிருந்தா எங்கயோ போயிருப்ப!”

நசீமா மேடத்தின் புதுப் பெட்டி

கடற்கரைக்கு நாலு தெரு உள்ளே, ஒரு பழைய வீட்டின் முன்பாதியை வாடகைக்கு எடுத்து ஒரு சின்ன நிறுவனம் நடத்திவந்தார் நசீமா மேடம். வெளிநாட்டிலிருந்து வரும் பிரெஞ்சுப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பக்கம் கட்டி, திருப்பி அனுப்பும் வேலை. அதைச் செய்தவர்கள் பன்னிரண்டு பெண்கள். பாகூர், வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களுக்கு மேற்பார்வை வளர்மதி. சிரிக்காமல் கிண்டல் செய்யக்கூடிய பெண்.

இருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, மூடிவிடலாமா என்று மேடம் யோசித்துக்கொண்டிருந்தபோது, பாரீஸ் பதிப்பகம் ஒன்று சோதனைக்காக ஒரு தடித்த பாடப்புத்தகத்தை அனுப்பியது. மாசக் கடைசிக்குள் முடித்து அனுப்பினால் மூன்று வருஷத்துக்கு வேலை. இல்லாவிட்டால் ஷட்டர்தான். பக்கத்துக்குப் பக்கம் படம். சர்வரில் இடம் போதாது. அதனால் டிஸ்குகளை அடுக்கிய வெளிப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து சுவரோரமாக வைத்து, சர்வரோடு கேபிளில் இணைத்தேன். சர்வர் அடக்கமான ஜீவன், இருக்கிற இடம் தெரியாது. இந்தப் பெட்டிக்கோ பின்னால் மூன்று விசிறி. ஆன் செய்தால் மாவு மில் மாதிரி இரையும்.

காலையில் பெண்கள் கட்டும் பக்கங்களை, மதியம் அலுவலகம் பூட்டியிருக்கும்போது சர்வரே ஒன்றாகக் கோத்துப் பெட்டியில் எழுதி வைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அது மணிக்கணக்கில் ஓடும் வேலை. ஓடும்போது வேறு யாரும் சர்வரைத் தொட்டால் இரண்டு வேலையும் நொண்டும். இரவில் ஓடவிடலாம் என்றால், இரவு மெயினையே அணைத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சொந்தக்காரர் போட்ட சட்டம். ஆக மதியம்தான். முதல் நாள் மாலை வந்து திறந்தால், ‘எழுத முடியவில்லை’. கோத்த ஃபைல் பாதியில் அறுந்து கிடக்கிறது. மேடம் கோபப்பட்டிருந்தால் தேவலை, மெதுவாகத்தான் கேட்டார்: “தம்பி, நீங்க கொண்டாந்தது எழுதற பெட்டியா, அழிக்கிற பெட்டியா?”

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தது

ரப்பரை எடுத்தேன். தேய்க்கக்கூடியதையெல்லாம் தேய்த்தேன். மறுநாள் மாலையும் அதே கட்டம். கேபிளை மாற்றினேன், கார்டை மாற்றினேன், டிஸ்குகளை ஒவ்வொன்றாக மாற்றினேன், கடைசியில் சென்னையிலிருந்து பஸ்ஸில் வேறொரு பெட்டியையே வரவழைத்து வைத்தேன். அதுவும் இதே போல இரைந்தது, இதே போல மதியம் கையை விரித்தது. காலையில் சோதித்தால் சமர்த்தாக எழுதும். நான் நிம்மதியாகச் சாப்பிட வீட்டுக்குப் போவேன். திரும்பி வந்தால் பெண்கள் பன்னிரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். மதியம் நடக்க வேண்டிய கோர்வையை, அவர்களைச் சும்மா உட்காரவைத்துவிட்டு மாலையில் நடத்துவோம். அப்போது மட்டும் ஒழுங்காக எழுதும். தினம் அரை நாள் இப்படியே போனது.

சர்வர் தன் தப்புகளைத் தானே நேரத்தோடு குறித்து வைக்கும். அதைப் பார்த்தால், எல்லாப் பிழையும் அலுவலகம் பூட்டிய சற்று நேரத்தில் விழுந்திருந்தது. மதியம் இங்கே யார் இருக்கிறார்கள் என்று வளர்மதியிடம் விசாரித்தேன். மேடம் வீட்டுக்குப் போய்விடுவார், பெண்கள் பார்க்கில் மரத்தடியில் சாப்பிட்டுச் சாய்ந்துவிடுவார்கள், ஒருத்தரும் இருக்கமாட்டோம் என்றாள். சரி, வேறு என்னதான் நடக்கிறது என்றேன். நான் ஊருக்குப் புதுசு என்பதுபோல என்னைப் பார்த்தாள். “மத்தியானத்துல என்னா சார் நடக்கும்? பாண்டிச்சேரியே படுத்திருக்கும்!”

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனது

அவள் சொன்னது உண்மைதான். எங்கள் ஊரில் மதியம் இறங்கிய ஷட்டர் நாலு மணிக்குத்தான் ஏறும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனதில் யாரும் சண்டை போடாமல் பங்கிட்டுக்கொண்ட சொத்து அந்தத் தூக்கம் ஒன்றுதான். நானும் அதில் பங்காளி. ஆனால் நசீமா மேடத்துக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த சவரிராயன் விஷயம் வேறு. அந்த வீட்டின் பின்பாதியில் அவர் தனியாகக் குடியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்போம். இவரும் ஒரு சொல்தா. தெருவே அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு ‘முசியே’ என்று கூப்பிடும். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. சவரம், சாப்பாடு, தூக்கம் மூன்றிலும் கடிகாரம்தான் அவரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் மதியம் கொஞ்சம் பிந்திக் கிளம்பி, வாசலில் நின்று ஸ்கூட்டரை உதைத்தேன். என் ஸ்கூட்டர் ஒரு உதையில் கிளம்பிய சரித்திரம் இல்லை. மூன்றாவது உதைக்கு வீட்டுப் பக்கவாட்டு ஜன்னல் திறந்தது. வெற்று மார்பு, கழுத்தில் சிலுவை, உதட்டின்மேல் ஒரு விரல். நான் அப்படியே அடங்கி, தெருமுனைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பினேன். மாலையில் அவரே கூப்பிட்டுக் காப்பி கொடுத்துச் சமாதானம் சொன்னார்: “குண்டுச் சத்தத்துல நின்னிருக்கேன் தம்பி, ஒண்ணும் ஆகல. மத்தியானம் தூங்கறப்ப சத்தம் கேட்டா மட்டும் தாங்காது. சியெஸ்த்துன்னா சியெஸ்த்து!”

சென்னையின் தீர்ப்பு

அடுத்த சந்தேகம் சூடு. மதியம் பூட்டும்போது ஏசியை அணைத்துவிடுகிறார்கள், பெட்டி வெந்துபோகிறது என்று முடிவு கட்டினேன். மேடத்தின் கையைக் காலைப் பிடித்து ஏசியை ஓடவிட்டுப் போனோம். மாலையில் திறந்தால் அறை ஊட்டி மாதிரி இருந்தது, கட்டமும் இருந்தது. பிறகு மின்சாரத்தைச் சந்தேகப்பட்டேன். யுபிஎஸ்ஸைக் கேட்டால், கரண்ட் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை என்று சத்தியம் செய்தது.

வேறு வழியில்லாமல் சென்னை அலுவலகத்தில் சுதாகருக்கு ஃபோன் போட்டேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன். என்னைவிடக் கெட்டிக்காரன் என்பதை அவனே அடிக்கடி ஞாபகப்படுத்துவான். பிழை விழும் நேரத்தில் எத்தனை பேர் சர்வரில் இருக்கிறார்கள் என்று கேட்டான். யாரும் இல்லை, எல்லோரும் தூங்குகிற நேரம் என்றேன். ஆபீஸ் நாளில், பட்டப்பகலில், மூன்று மணி நேரமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டான். அப்புறம் அந்தப் பக்கம் நாலு பேரிடம் அதைச் சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கடைசியாகத் தீர்ப்பு வந்தது: “யோவ், பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. உங்க ஊருக்கு வந்ததும் அதுவும் தூங்கக் கத்துக்கிச்சு!”

வளர்மதியின் ஒரு வார்த்தை

மாசக் கடைசி நெருங்கியது. இனி ஒரே ஒரு அரை நாள் போனாலும் தேதிக்குள் முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். அதாவது மதியக் கோர்வை நடந்தே ஆகவேண்டும். பெண்கள் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். கீபோர்டு சத்தம் மட்டும் மழை மாதிரி விழுந்துகொண்டிருக்கும். நான் பெட்டியின் பின்னால் மண்டியிட்டிருக்கும்போது வளர்மதி தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு வழி பார்க்கவேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை. திரையில் கிடந்த ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இவ்வளவு நாளும் என் வேலை, என் மானம் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது இதுதான்: “இத மூடிட்டா மறுபடி களையெடுக்கப் போவணும் சார். போவேன், அது ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா இந்த எழுத்துங்கள விட்டுட்டுப் போவ மனசே வரல.”

காவல் இருந்த லட்சணம்

அன்று மதியம் நான் வீட்டுக்குப் போகவில்லை. என்னதான் நடக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். எதுவும் மாறக்கூடாது என்பதற்காக, வழக்கம்போல வாசலைப் பூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். மேடம் என்னை உள்ளே வைத்துப் பூட்டினார். மேஜை விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கோர்வை ஓட ஆரம்பித்தது. பெட்டி சீராக இரைந்தது. வளர்மதி கொடுத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸில் மீன் குழம்பு. நல்ல குழம்பு.

தொழில் தோழர்களே, மேற்கொண்டு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சாவி திருகும் சத்தத்தில்தான் கண் விழித்தேன். பெண்கள் வரிசையாக உள்ளே வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். திரையில் அதே கட்டம். என் கன்னத்தில் நாற்காலிப் பிரம்பின் தடம். மேடம் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “காவலுக்கு வெச்ச ஆளும் பாண்டிச்சேரிக்காரன்தானே!”

விசிறி யார் பக்கம் திரும்பியிருந்தது

முகம் கழுவிக்கொண்டு வந்து அசட்டுச் சிரிப்போடு நிற்கும்போதுதான் அதைக் கவனித்தேன். மேஜை விசிறி என் நாற்காலியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தது சத்தியம். இப்போது உள்ளே வந்தவர்களில் யாரும் தொடவில்லை என்றார்கள். வாசல் பூட்டியிருந்தது. அப்படியானால் நான் தூங்கும்போது யாரோ உள்ளே வந்து, நான் வியர்த்துக் கிடப்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, காற்று என் மேல் படும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பன்னிரண்டு பெண்களும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். பழைய வீடு, அந்தக் காலத்தில் இங்கே ஒரு வெள்ளைக்காரி தூக்குப் போட்டுக்கொண்டாளாம் என்று ஒருத்தி தொடங்கினாள். இன்னொருத்தி நாளையிலிருந்து வரமாட்டேன் என்றாள். வளர்மதி மட்டும் விசிறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நியாயமான ஒரு சந்தேகத்தைக் கேட்டாள்: “பேய்னா கழுத்தத்தான சார் நெரிக்கும்? காத்து வாங்கட்டும்னு விசிறியவா திருப்பி வெக்கும்?”

காலண்டர் நகர்ந்தது

மறுநாள் சோற்றைத் தொடவில்லை. மிளகாய் ஊறுகாயை நாக்கில் தடவிக்கொண்டு, நாற்காலியை ஒதுக்கிவிட்டு நின்றபடியே இருந்தேன். வாசலைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். தெரு அடங்கியது. பெட்டி இரைந்துகொண்டே எழுதியது. அந்த அறையில் முற்றத்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. வீட்டுக்காரர் பக்கம் பூட்டியிருப்பது. நாங்கள் அதைக் கதவாகவே நினைத்ததில்லை, காலண்டர் மாட்டும் இடம், அவ்வளவுதான். அந்தக் காலண்டர் மெல்ல என்னை நோக்கி நகர்ந்தது. கதவு திறந்தது. லுங்கியும் வெற்று மார்புமாக முசியே, நுனிக்காலில், சாவியைச் சத்தம் வராமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை. உதட்டில் விரலை வைத்தார். நேராகப் பெட்டியிடம் போய் அதன் சுவிட்சில் கை வைத்தார்.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். “முசியே! என்ன பண்றீங்க?” “காத்தாடிய நிறுத்தறேன்.” “இது காத்தாடியா?” “பின்ன? சுவத்துக்கு அந்தப் பக்கம் என் கட்டிலு. தலமாட்டுல நாள் முழுக்க உய்யுன்னு கத்துது. புள்ளைங்க நிறுத்த மறந்துட்டுப் போவுதுங்கன்னு நான் வந்து நிறுத்தறேன். எழுந்ததும் போட்டுடறேன், ஒருநாளாவது மறந்திருக்கேனா?” மறந்ததே இல்லைதான். அதனால்தான் நாங்கள் திரும்பி வரும்போது பெட்டி ஒன்றும் அறியாத பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. யுபிஎஸ்ஸுக்கும் தெரியவில்லை, சென்னைக்கும் தெரியவில்லை. புத்தகத்தை எழுதிக்கொண்டிருப்பதே அந்தப் பெட்டிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். அவர் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது: “எழுதற எதுவும் இப்பிடிக் கத்தி நான் பாத்ததில்ல தம்பி. நேத்து நீ அசந்து தூங்குன, பாவம்னு உனக்கும் சேத்துத்தான் அணைச்சேன்!”

பாரா

நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை, விசிறியைத் திருப்பி வைத்த கையை எப்படித் திட்டுவது? பாரீஸ் புத்தகம், மாசக் கடைசி, மூன்று வருஷ வேலை, பார்க்கில் மரத்தடியில் படுத்திருக்கும் பன்னிரண்டு பெண்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்கக் கேட்க முகம் வெளுத்தது. வந்த வழியே போனார். தூங்கப் போய்விட்டார் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் காலண்டர்க் கதவு மறுபடி திறந்தது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கால்சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. கையில் ஒரு நாற்காலி. அதைப் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் போட்டு, முழங்காலில் கைகளை வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். பாரா, அதாவது காவல்! நான் கேபிளைச் சரிபார்க்க ஒருமுறை குனிந்தபோது, “தொடாத” என்று அதட்டினார்.

மேடம் வந்து திறந்தபோது திரையில் வேறு ஒரு கட்டம் இருந்தது: ‘முடிந்தது’. எழுதியதைத் திறந்து பார்த்தார். முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம், எல்லாம் முழுசாக இருந்தன. வளர்மதி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். நடந்ததை நான் சொல்லி முடித்ததும், முசியே எழுந்து விறைப்பாக நின்றார், தண்டனையை வாங்கிக்கொள்ளத் தயாராக. மேடம் அவரையும் ஷூவையும் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை: “ஏன் முசியே, உண்மையச் சொல்லுங்க, நீங்க எந்த நாட்டுப் பட்டாளத்துல இருந்தீங்க? எதிரி நாட்டுதா?”

கடைசியில் ரப்பர்

மீதி மதியங்களும் முசியேதான் பாரா. தேதிக்கு முன்னால் புத்தகம் முடிந்தது. அனுப்பி முடிக்கப் பிராட்பேண்ட் அரை நாள் எடுத்துக்கொண்டது; அந்த அரை நாள் முழுதும் ஒருத்தரும் நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. நாலே வரி, பிரெஞ்சில். எங்களில் யாருக்கும் எழுத்து தெரியுமே தவிர பாஷை தெரியாது; அதைப் படித்துச் சொல்ல முசியேயைத்தான் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொல்லி, கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ‘அடுத்த புத்தகம் திங்கட்கிழமை வருகிறது’ என்றார். அப்போது எழுந்த கூச்சலில் தெருவில் யாரும் தூங்கியிருக்க முடியாது. மத்தியானம் வேறு.

முசியேயின் தூக்கத்துக்கு ஒரு வழி செய்வது என் கடமை என்று பட்டது. பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். அதிர்வு தரையில் இறங்காமல் இருக்க, காலுக்கு ஒன்றாக நாலு பென்சில் ரப்பரை அடியில் வைத்தேன். என் வைத்தியம் இந்த வழக்கில் வேலை செய்த ஒரே இடம் அதுதான். மறுநாள் மாலை முசியேயிடம் போய், சத்தம் கேட்டதா என்று ஆசையாக விசாரித்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “ஒரு சத்தமும் கேக்கல தம்பி. கேக்காததனால அது எழுதுதா, நின்னு கிடக்குதான்னு பயம் புடிச்சிக்கிச்சு. ரெண்டு தரம் எழுந்துவந்து பாத்தேன், தூக்கம் போச்சு!”

இப்போதும் எங்காவது டிஸ்கில் எழுத முடியவில்லை என்று கூப்பிட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் யார் தலைவைத்துப் படுத்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டுதான் நான் ஸ்குரூ டிரைவரைக் கையிலெடுக்கிறேன்.